அறைக்கு அரையணா

பேர் பச்சியண்ணன். தொழில் பபூன்.
சொல்வதெல்லாம் சத்தியம் என்று
நான் சொல்லி முடிக்குமுன்னே
பின்பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள்.
இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, எசமான்.
அது என் முகத்தின் குற்றம்.

ஒன்பது வயசில் திரை இழுக்கச் சேர்ந்தேன்,
குகைக் கொட்டகையில்.
ஒருநாள் கயிறு காலைச் சுற்றி
மல்லாக்க விழுந்தேன் மகாராஜா சபையில்.
விழுந்தவன் எழுந்து கும்பிட்டேன்.
வேறென்ன செய்வது.
அன்று ராத்திரி என் இலையில் இரண்டாவது முட்டை.
முதலாளி வையாபுரியின் கணக்கு நோட்டில்
அப்போதே நான் பபூன்.

அப்புறம் காவல்காரன், மாமியார், பொய்ச்சாமியார்.
கடன் கொடுத்தவன், கடன் வாங்கியவன்,
பத்திரம் எழுதிய குமாஸ்தா,
மூன்று பேரும் ஒரே ராத்திரியில் நான்தான்.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறைக்காரர்கள்
மூக்கால் சிரிப்பார்கள்;
வாய்க்கு ஊதுகுழல் பழக்கம்.
அம்மாபேட்டைத் தறிக்காரர்களோ
மொத்தமாக, ஒரே தாளத்தில்.
கண்ணை மூடிக்கொண்டு
எந்தப் பேட்டை என்று சொல்வேன்.

ஆத்தூரில் ராஜபார்ட்டுக்குக் காய்ச்சல்.
கிரீடம் எனக்கு வந்தது.
நாடு போச்சே, மக்கள் போச்சே என்று
நிஜமாகத்தான் அழுதேன்.
கூரைத் தகரம் அதிர்ந்தது சிரிப்பில்.
மறுநாள் நோட்டீஸ் அடித்தார் முதலாளி:
'இதுவரை காணாத புதிய ஹாஸ்யம்.'

வழக்குக்கு வருகிறேன்.
ராத்திரிக்குப் பதினோரு தடவை
ராஜபார்ட் பபூனை அறையலாம் என்று
ஒப்பந்தத்தில் இருக்கிறது.
வருஷத்துக்கு இருநூறு ராத்திரி, பதினாலு வருஷம்.
முப்பதாயிரத்து எண்ணூறு அறை.
அறைக்கு அரையணா போட்டால்
தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு ரூபாய் எட்டணா.
கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு
இரண்டு ஆட்டம் ஆடிய நாட்களை
நான் சேர்க்கவில்லை.

வலித்ததா என்று கேட்கிறார் எதிர்க்கட்சி வக்கீல்.
இல்லை.
கை கன்னத்தில் பட்டதா?
இல்லை.
வக்கீல் ஐயா உட்கார்ந்துவிட்டார்,
முகத்தில் ஜெயித்த களை.

எசமான் உத்தரவு கொடுத்தால் காட்டுகிறேன்.
அவர் கை காற்றில் வரும்.
என் தலை திரும்பும்.
இடுப்புக்குக் கீழே என் இரண்டு உள்ளங்கை...

பார்த்தீர்களா,
டபேதார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.
அவரை யாரும் தொடவில்லை.

ஒரே ஒரு தடவை பட்டது. ஏற்காட்டில்.
மட்டக்குதிரை மேல் சாமான் ஏறி,
காப்பித் தோட்டத்துக் களத்தில் மேடை.
பனியும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.
ராஜபார்ட் சிங்காரம் கொஞ்சம் குடித்திருந்தார்.
நிஜமாகவே அறைந்தார்.
அந்தச் சத்தம் ரொம்பச் சின்னது, எசமான்.
ஈரச் சாக்கு விழுந்த மாதிரி.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
கம்பளி போர்த்திய ஒரு பழம்பறிக்கிற பொம்பளை
எழுந்து நின்று
"ஏய்!" என்றாள் ராஜாவைப் பார்த்து.

சிங்காரம் வசனத்தை மறந்துவிட்டார்.
கிரீடத்துக்குள் வேர்வை எனக்குத் தெரிந்தது.
நானே கன்னத்தைக் கொண்டுபோய்
அவர் கைக்கு நேரே நீட்டி,
கீழே தட்டினேன். பளார்.
களம் மூச்சு விட்டது. அப்புறம் சிரித்தது.
அவளும் உட்கார்ந்தாள்.
அன்று அவருக்கு மன்னிப்பு வாங்கித் தந்தது
என் உள்ளங்கை.

அதனால் கன்னத்துக்குக் கூலி கேட்கவில்லை.
கைக்குக் கேட்கிறேன்.
அறைந்தவர் பேர் நோட்டீஸில் பெரிய எழுத்தில்;
அறை மட்டும் என்னுடையது.

முன்சீப் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு
ஏதோ எழுதினார்.
கோர்ட்டுக்குள் கை தட்டக் கூடாது என்றார்.
ஆடி பதினெட்டு கழித்து வாய்தா.

வெளியே புளியமரத்தடியில்
எதிர்க்கட்சி வக்கீல்
கோட்டை அவிழ்த்துக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு
தலையைத் திருப்பித் திருப்பி
கையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
சத்தம் ஒரு நொடி பிந்தியே வந்தது.
தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
வழக்கு நடக்கிறதே.
ராசிபுரத்தில் ராத்திரி ஆட்டம்,
வண்டிக்காரன் வேறு கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.